சிரிப்புக்கு விட்ட இடம்

படம் தியேட்டருக்கு வரப்போவதில்லை என்பதைப் படக் கம்பெனி மேனேஜர் ஏதோ லாட்டரி விழுந்த செய்தியைப் போலத்தான் சொன்னார்.

"சார், சந்தோஷமான விஷயம். நம்ம படம் நேரா ஓடிடில வருது. ஒரே நேரத்துல உலகம் பூரா! கியூ கிடையாது, டிக்கெட் கிடையாது. அவங்கவங்க வீட்டுல, அவங்கவங்க கையில."

"தியேட்டர்ல எப்ப?" என்று கேட்டார் நெட்டை.

"அதான் சொன்னேனே சார், நேரா ஓடிடி."

"சரி. அதுக்கு அப்புறம் தியேட்டர்ல எப்ப?"

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். நெட்டை நகைச்சுவையாக ஒன்றும் சொல்லவில்லை. ஜோடி இல்லாமல் தனியாளாக நின்று ஒருவரைச் சிரிக்கவைத்தது கடைசியில் இதற்குத்தானா என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். எதற்குப் போனோம் என்று தெரியாமல் ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார். அது ஏற்கெனவே கழுவிய டம்ளர்.

நெட்டை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. நாடக மேடையில் தொடங்கி சினிமா போஸ்டர் வரைக்கும் 'நெட்டை - குட்டை' என்றே ஓடி ஒட்டிக்கொண்ட பெயர். வங்கியில் கையெழுத்துப் போடும்போதுதான் சொந்தப் பெயர் ஞாபகத்துக்கு வரும். ஒருவர் ஒட்டடைக் கம்புக்குக் கை கால் முளைத்த மாதிரி இருப்பார். இன்னொருவன் அவருடைய நெஞ்சு உயரம்தான். இவர் ஒன்று கேட்பார், அவன் ஒன்று சொல்வான், தியேட்டர் இரண்டாகும். அவர்களுடைய தொழில் அவ்வளவுதான், அதையே ஆயுசு முழுக்கச் செய்தார்கள். இதற்கு நடுவில் நெட்டைக்குக் கல்யாணம் செய்துகொள்ளக்கூட நேரம் இல்லாமல் போயிற்று. "உனக்கு எதுக்குடா பொண்டாட்டி? தினமும் சண்டை போட நான் இருக்கேன்ல?" என்பான் குட்டை. அது வெறும் கேலி இல்லை என்பது அவன் போன பிறகு, பேச ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் நெட்டைக்கு உறைத்தது.

குட்டை போனது ஒரு சாதாரண மத்தியானத்தில். ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. அவன் செய்த காரியங்களிலேயே யாருக்கும் சிரிப்பு வராதது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நெட்டையை யாரும் கூப்பிடவில்லை. ஜோடியில் ஒரு செருப்பு தொலைந்துவிட்டால் மற்றதை யார் மாட்டிக்கொண்டு நடப்பார்கள்? அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறொன்று. இரங்கல் கூட்டத்தில் ஒரு பழைய இயக்குநர், நெட்டை பின்னால் நிற்பது தெரியாமல், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "சிரிப்பு மொத்தமும் அவன்கிட்ட இருந்துச்சுப்பா. இவன் பக்கத்துல நட்டு வெச்ச கம்பம்." பக்கத்தில் இருந்தவரும் தலையாட்டினார். அந்த ஒரு சொல் நெட்டையின் நெஞ்சில் முள்ளாக ஏறியது. எடுக்கவும் தெரியவில்லை, அதோடு நடக்கவும் முடியவில்லை. கம்பம்தானா? இத்தனை வருஷமும் ஜனங்கள் சிரித்ததில் ஒரு துளிகூட என்னுடையது இல்லையா?

அந்தச் சமயத்தில்தான் இந்தப் பெரிய படம் வந்தது. ஹீரோ ஒற்றைக் கையால் லாரியை நிறுத்துகிற ரகம். அதில் கிடங்கு வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி வேடம் நெட்டைக்கு. தனி வேடம், ஜோடி கிடையாது. கத்தியும் கம்பியுமாக ஒரு கும்பல் ஹீரோவைக் கொல்ல உள்ளே பாய்கிறது. காவலாளி விடுவதாக இல்லை. ஒவ்வொரு ரவுடியையும் நிறுத்தி, கழுத்தில் பார்வையாளர் பாஸை மாட்டித்தான் அனுப்புகிறார். உள்ளே அடி விழுகிறது. ஒரு ரவுடி மதில் சுவரைத் தாண்டிப் பறந்துவந்து அவர் நாற்காலிக்கு முன்னால் பொத்தென்று விழுகிறான். காவலாளி மெல்ல எழுந்து, "பாஸைத் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க" என்கிறார்.

அதைச் சொல்லிவிட்டு நெட்டை அசையாமல் நின்றார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏன் சார் நின்னுட்டீங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

"தியேட்டர் சிரிக்கும் சார். சிரிச்சு முடிக்கிற வரைக்கும் விடணும். இல்லன்னா அடுத்தது காதுல விழாது."

மேடைக்காரர்களின் பழக்கம் அது. வசனத்தைச் சொல்லிவிட்டுச் சிரிப்புக்கு என்று கொஞ்சம் இடம் விடுவார்கள். சீக்கிரம் பேசிவிட்டால் சிரிப்பு அமுங்கிவிடும், தாமதமாகப் பேசினால் ஆறிவிடும். அந்த அளவு சரியாக விழுந்ததா என்று பார்க்க, படம் வெளியாகும் நாளில் நெட்டையும் குட்டையும் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு தியேட்டரின் கடைசி வரிசையில் போய் உட்காருவார்கள். திரையைப் பார்க்கவே மாட்டார்கள். முன்னால் வரிசை வரிசையாக இருக்கிற முதுகுகளைத்தான் பார்ப்பார்கள். முகம் மரியாதைக்குச் சிரிக்கும், முதுகுக்கு அந்த நாகரிகம் எல்லாம் தெரியாது.

இந்தப் படத்துக்கும் அப்படிப் போக வேண்டும் என்று நெட்டை தொப்பியைக்கூடத் துவைத்து வைத்திருந்தார். முதல் முறையாகத் தனியாகப் போய், முதல் முறையாகத் தன் ஒருவனுக்காக விழும் சிரிப்பைக் காதால் கேட்டுவிட்டால் போதும், அந்த முள் தானாக விழுந்துவிடும் என்று நம்பியிருந்தார். இப்போது அந்த நம்பிக்கையின் தலையில்தான் மேனேஜர் கல்லைத் தூக்கிப் போட்டிருந்தார்.

ஓடிடி மேல் அவருக்குப் பகை ஒன்றும் கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் துணையாக அதில்தான் ஏதாவது ஓடவிடுவார். ஆனால் ஜனங்கள் அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தால் அந்தச் சத்தம் இவருக்கு எப்படிக் கேட்கும்? வீடு வீடாகப் போய் ஜன்னலில் காது வைக்கவா முடியும்?

இரண்டு நாள் கழித்து எடிட்டர் கூப்பிட்டாள். சின்னப் பெண், கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள். அவளுடைய அறையில் ஏசி எலும்பைத் துளைத்தது. சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டியிருந்ததால் பேசின பேச்சு வாயை விட்டு வெளியே வந்ததும் செத்துவிழுந்தது. மேசையில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் காட்சியை ஓடவிட்டாள்.

"இங்கதான் சார் பிரச்சனை. பாஸ் வசனத்துக்கு அப்புறம் பெரிய கேப் இருக்கு. தியேட்டருக்குன்னா நானே தொட்டிருக்க மாட்டேன். இப்ப இது வீட்டுக்குப் போகுது. குறைச்சுடலாமா?"

"வீட்டுல சிரிக்க மாட்டாங்களா?"

"தனியா பாக்கறவங்க யாரும் சத்தமா சிரிக்கறதில்ல சார். மூக்கு வழியா லேசா ஒரு காத்து விடுவாங்க. அவ்வளவுதான். அதுக்கு இவ்வளவு இடம் தேவையில்ல."

"ரெண்டு மூணு பேரா சேர்ந்து பாப்பாங்கல்ல?"

"பாப்பாங்க. அதுல ரெண்டு பேரு போனைப் பாத்துட்டு இருப்பாங்க."

அவள் இடத்தைக் குறைத்து ஓட்டிக் காட்டினாள். வசனம் முடிவதற்குள் பின்னால் கிடங்கு வெடித்தது. நன்றாகத்தான் இருந்தது, சுருக்கென்று இருந்தது. நன்றாக இருந்ததுதான் நெட்டைக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"என் வேலையில பாதி அந்த நிக்கறதுதாம்மா. அதை வெட்டிட்டா மிச்சம் இருக்கறது வெறும் வசனம். வசனத்தை யார் வேணா சொல்லுவாங்க." பிஸ்கட் பாக்கெட்டைத் திரும்ப அவள் பக்கமே தள்ளினார். "யாராவது ஒருத்தர் எங்கேயாவது சத்தமா சிரிக்கட்டுமே. அவருக்காக விடேன்."

எடிட்டர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "டைரக்டர் இதை என்கிட்ட விட்டுட்டார். நீங்க இவ்வளவு சொன்னா நான் தொடல. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள உதறுது சார்."

நெட்டை ஜெயித்த மிதப்பில் படியிறங்கினார். ஏசியில் இருந்த நடுக்கம் தெருமுனை வரைக்கும் கூடவே வந்தது.

படம் வந்த அன்று சாயங்காலம் அக்காள் மகள் வீட்டுக்குப் போனார். தியேட்டர் இல்லாவிட்டால் போகிறது, சோபாவில் நாலு பேர் இருப்பார்கள், அதுவும் ஒரு சபைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அக்காள் மகள் வாய் நிறைய வரவேற்றாள்.

"இதுதான் மாமா நிம்மதி. தியேட்டர்னா வண்டி நிறுத்த இடம் தேடணும், பின்னாடி ஒருத்தன் சீட்டை உதைச்சுக்கிட்டே இருப்பான், சின்னவ பாதியில பாத்ரூம்னு எழுப்புவா. இங்க பாருங்க, நைட்டியோட உக்காந்து பாக்கலாம்."

அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. நெட்டை ஒரு நாற்காலியை இழுத்து டிவிக்குப் பக்கத்தில், சோபாவைப் பார்த்த மாதிரிப் போட்டு உட்கார்ந்தார்.

"அங்க உக்காந்தா உங்களுக்குப் படம் தெரியாதே மாமா?"

"நான் பாத்துட்டேம்மா" என்று புளுகினார்.

முதல் பாதி முழுக்க அவர் பார்த்தது அந்த நாலு முகங்களைத்தான். நீலமும் ஆரஞ்சுமாக வெளிச்சம் முகங்களில் ஓடியது. அக்காள் மகளின் வீட்டுக்காரர் மடியில் போன், மகன் கையில் போன். நடுவில் காலிங் பெல் அடித்தது. யாரோ பார்சல் கொண்டுவந்திருந்தார், படத்தை நிறுத்தினார்கள். சின்னவள் பாத்ரூம் போனாள், நிறுத்தினார்கள். பார்சலைப் பிரித்து, உள்ளே இருந்த தலையணை உறை நிறம் சரியில்லை என்று பேசி முடித்துவிட்டுத் திரும்ப ஓடவிட்டார்கள். நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

கடைசியில் அந்த ரவுடி பறந்துவரும் சத்தம் கேட்டது. பொத்தென்று விழுந்தான். "பாஸைத் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க" என்று அவருடைய குரலே டிவியில் இருந்து வந்தது.

பிறகு அமைதி. அவர் கெஞ்சிக் கேட்டு வாங்கிய அமைதி.

அக்காள் மகளின் வீட்டுக்காரர் நிமிர்ந்து டிவியைப் பார்த்தார். ரிமோட்டை எடுத்து ஒரு பொத்தானை அமுக்கினார். எழுந்து போய் மூலையில் இருந்த ரூட்டரைக் குனிந்து பார்த்து, அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். "நெட்டு நின்னுடுச்சு போல."

"லைட்டு எரியுதே?" என்றாள் அக்காள் மகள்.

"ஐயோ, தாத்தா ஹேங் ஆயிட்டாரு!" என்று கத்தினாள் சின்னவள்.

அப்போது கிடங்கு வெடித்தது. படம் நிற்கவில்லை, நின்றது இவர்தான் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வீட்டுக்காரர் அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்து உட்கார்ந்தார். அக்காள் மகள் அவசர அவசரமாக, "சூப்பர் மாமா! செம காமெடி!" என்று கைதட்டினாள். அவள் கண்ணில் இருந்த இரக்கத்தைப் பார்க்காமல் இருக்க நெட்டை கடைசியில் டிவிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பக்கவாட்டில் இருந்து பார்த்ததில் படம் கோணலாகத் தெரிந்தது.

அக்காள் மகள் வீட்டுக் கூத்து வீடு வீடாக நடந்திருக்கிறது. மறுநாளே தெரிந்துவிட்டது. ஊரெல்லாம் ரூட்டரைத் தட்டியிருக்கிறார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, நெட்டையின் அசையாத முகத்தின்மேல் நெட் நின்றால் வருகிற வட்டத்தைச் சுற்றவிட்டு அனுப்பிவைத்தான். அது போன் போனாகத் தாவியது. தெருவில் போனால் பேக்கரிக்காரர் மீதிச் சில்லறையை நீட்டியபடி சிலையாக நின்று காட்டினார். பஸ்ஸில் இரண்டு கல்லூரிப் பெண்கள் அவரைப் பார்த்ததும் அப்படியே உறைந்து நின்று, பிறகு ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. எல்லோரும் பிரியமாகத்தான் செய்தார்கள், அதனால் கோபப்படக்கூட வழியில்லை.

மேனேஜருக்குக் கால் தரையில் படவில்லை. "சார், பிச்சுக்கிட்டுப் போகுது! தியேட்டர்ல வந்திருந்தா இது நடந்திருக்குமா? அடுத்த படத்துல பெரிய வேஷம். வசனமே வேணாம். அங்கங்க வந்து அப்படியே நில்லுங்க, போதும். திங்கக்கிழமை பதில் சொல்லிடுங்க."

வந்து நின்றால் போதும். நட்டு வைத்தால் போதும். அந்தப் பழைய இயக்குநர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று நெட்டை போனைப் பார்த்துக்கொண்டே நினைத்தார். ஊரே சிரிக்கிறது. ஆனால் அவர் சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை, சொல்லாமல் நின்றதற்குத்தான் சிரிக்கிறார்கள். எடிட்டரிடம் இருந்து ஒரு செய்தி வந்திருந்தது: 'சாரி சார். அன்னைக்கே நான் பிடிவாதமா இருந்திருக்கணும்.' படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். அந்த வாரம் முழுக்க அவர் வாய் திறந்து பேசியது கடையில், "பை வேண்டாம்" என்று சொன்னது மட்டும்தான். நல்ல தனிமை, கெட்ட தனிமை என்று இரண்டு உண்டு என்பார்கள். நெட்டைக்குக் கிடைத்தது ஊர் நடுவில் கிடைக்கிற தனிமை. அதற்குப் பெயரே இல்லை.

சனிக்கிழமை காலையில் குட்டையின் மனைவி போன் செய்தாள்.

நெட்டை திடுக்கிட்டார். குட்டை போன பிறகு அவர் அந்த வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்து, குறைத்து, நிறுத்தியே விட்டிருந்தார். போனால் அவள் இரண்டு பேருக்குத் தேநீர் போடுவாள், பிறகு பேச ஒன்றும் இருக்காது. உயிரோடு உட்கார்ந்திருப்பதே தப்புச் செய்வதுபோல இருக்கும்.

"அண்ணே, எங்க ஆளையே காணோம்? உங்க படம் வந்திருக்காமே. நான் இன்னும் பாக்கல. தனியா பாக்க மனசு வரல. வாங்களேன்."

"கண்டவன் எல்லாம் கேலி பண்றானே, அது காதுல விழலையா?"

"நான் எங்க போனைப் பாக்கறேன்? தியேட்டர்ல வந்திருந்தா நான் பாத்திருக்கவே முடியாதுண்ணே. முட்டி மடங்க மாட்டேங்குது, படி ஏற முடியல. இதுன்னா இருந்த இடத்துல பாக்கலாம். சும்மா சாக்கு சொல்லாம வாங்க."

போனார். அவள் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு மத்தியானத்தை இருட்டாக்கி வைத்திருந்தாள். முட்டிக்கு ஒரு தலையணை, எதிரில் ஒரு முக்காலி, பக்கத்தில் தேநீர். நெட்டை இந்த முறை யார் முகத்தையும் பார்க்கத் தயாராக இல்லை. அவளுக்குப் பக்கத்தில், டிவியைப் பார்த்தே உட்கார்ந்துகொண்டார். ஹீரோ லாரியை நிறுத்தியபோது அவள், "இவன் கை வலிக்காதா?" என்றாள். பாட்டு வந்தபோது கொஞ்சம் கண்ணயர்ந்தாள். நெட்டைக்கு அது ஆறுதலாக இருந்தது. அந்த இடம் வரும்போதும் தூங்கிவிட்டால் நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டார்.

அவள் விழித்துக்கொண்டாள். ரவுடி பறந்துவந்து விழுந்தான். பாஸ் வசனம் வந்தது. நெட்டை கண்ணை இறுக மூடினார்.

அமைதியில் அவள் குரல் கேட்டது. அவளுடைய குரலே இல்லை அது, கட்டைக் குரலில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அலட்சியமாக: "பல்லு கீழ கெடக்கு பாரு, அதையும் எடுத்துட்டுப் போகச் சொல்லு. தொலைஞ்சா நிர்வாகம் பொறுப்பில்ல."

கிடங்கு வெடித்தது. அவள் சொன்ன வசனம் அந்த இடத்துக்குள் அச்சாக உட்கார்ந்திருந்தது, முன்னேயும் இல்லை பின்னேயும் இல்லை.

நெட்டை கண்ணைத் திறந்தார். ரிமோட்டைத் தேடி எடுத்துப் படத்தை நிறுத்தினார். "என்ன சொன்னே?"

"அவர் இருந்தா அப்படித்தானே சொல்லியிருப்பார்? அதுக்குத்தானே நின்னீங்க?"

"அது சிரிப்புக்கு விட்ட இடம்மா."

"போங்கண்ணே. நீங்க சொன்னதுக்கு அப்புறம் என்னைக்கு நிறுத்தினீங்க? ரெண்டு பேரும் நிக்கறது அவர் சொல்லி முடிச்ச பிறகுதான். வீட்டுல நீங்க ஒத்திகை பாக்கறப்ப நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்." அவள் முக்காலியில் காலை நகர்த்திக்கொண்டாள். "கொஞ்சம் பின்னாடி போங்க. உங்க கண்ணைப் பாருங்க."

படத்தைப் பின்னால் ஓட்டினார். திரையில் இருந்த நெட்டை வசனத்தைச் சொல்லிவிட்டு, கீழே கிடக்கும் ரவுடியைப் பார்க்கவில்லை. நேராகவும் பார்க்கவில்லை. இடது பக்கம், நெஞ்சு உயரத்தில், ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். புருவம் கொஞ்சம் உயர்ந்திருந்தது. பதிலுக்குக் காத்திருக்கிற முகம் அது. பேசடா, என்ன யோசிக்கிறே, என்கிற முகம்.

ஆயிரம் கண் பார்த்தும் இது ஒருவருக்கும் தெரியவில்லை. நடித்தவருக்கே தெரியவில்லை. தொழில் தெரிந்தவன் என்ற கர்வத்தில் எடிட்டரிடம் சண்டை போட்டு அவர் காப்பாற்றி வைத்தது சிரிப்புக்கான இடத்தை அல்ல, செத்துப்போனவன் பேசுவதற்கான இடத்தை. நெட்டை அழுதார். மறைக்கவெல்லாம் இல்லை, மூக்கு ஒழுக, நீளக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அழுதார். குட்டையின் மனைவி தடுக்கவில்லை. தன் முந்தானையால் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு வருஷமா நானும்தான் அப்படி நிக்கறேன்ணே" என்றாள். "டீ போட்டுட்டு, ஏதாவது நொட்டை சொல்லுவாரான்னு நின்னுட்டுத்தான் எடுத்துட்டு வருவேன். என்னை யாரும் படம் பிடிக்கல, அவ்வளவுதான்."

ஆறிப்போன தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சரி, போடுங்க. பாதியில விட்டா எனக்குத் தூக்கம் வராது."

போட்டார். ஹீரோ கிடங்கைச் சாம்பலாக்கிவிட்டு நடந்து போனார். மதில் சுவர் முழுக்க இடிந்து தரைமட்டமாகக் கிடந்தது. நடுவில் கேட் மட்டும் ஒற்றையாக நின்றது. காவலாளி பொறுப்பாக அந்தக் கேட்டைச் சாத்தி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தார். இரண்டு அடி போனார். சந்தேகம் வந்து, திரும்பி வந்து, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். இதை யாரும் எழுதித் தரவில்லை. அன்றைக்கு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, இயக்குநர் அவசரப்படுத்தினார், நெட்டை தன் வீட்டைப் பூட்டுகிற மாதிரிப் பூட்டினார். தனியாக இருப்பவர்கள் அப்படித்தான் பூட்டுவார்கள். பூட்டினாயா என்று கேட்க வேறு ஆள் இல்லையே. பிறகு காவலாளி சுவர் இல்லாத பக்கமாக நடந்து, போனில் முதலாளியிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போனார்.

குட்டையின் மனைவியிடம் இருந்து முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது. நெட்டை பதறித் திரும்பினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. தேநீர் புடவையில் சிந்தியது. முட்டி வலியை மறந்து முன்னால் குனிந்து, முக்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். திரையில் நெட்டை பேசிக்கொண்டே போனார், ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

அங்கே அவர் இடமே விட்டிருக்கவில்லை. அங்கே சிரிப்பு வரும் என்றே அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் குட்டை பேசுவதற்கும் ஒன்றும் இல்லை, அவன் இருந்திருந்தால் அவனும் இப்படித்தான் முக்காலியைத் தட்டியிருப்பான். மேனேஜருக்குச் சொல்லவேண்டிய பதில் அப்போதே முடிவாகிவிட்டது: நிற்க முடியாது, வேண்டுமானால் நடிக்கிறேன்.

"என்னண்ணே சொன்னீங்க போன்ல?" அவள் மூச்சு வாங்கிக்கொண்டே ரிமோட்டுக்குக் கை நீட்டினாள். "சிரிச்சதுல ஒண்ணுமே காதுல விழல. கொஞ்சம் பின்னாடி போங்க."

நெட்டை ரிமோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றார். "நீ சிரி."